மாதிரி டீசல் என்ஜினுக்கு எந்த எண்ணெய்? எரிபொருளை வாங்குவதா, வீட்டில் கலப்பதா?

மாதிரி விமானத்தில் பொருத்தும் சிறிய டீசல் என்ஜின் ஒன்று கைக்கு வந்துவிட்டால், அது புதிதாக வாங்கியதோ, அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்ததோ, அடுத்த வாரத்திலேயே இரண்டு கேள்விகள் எழுகின்றன. எரிபொருளை டப்பாவில் வாங்குவதா, வீட்டிலேயே கலந்துகொள்வதா என்பது ஒன்று. அதில் சேரும் எண்ணெய் விளக்கெண்ணெயா, மினரல் எண்ணெயா, சிந்தெடிக்கா என்பது மற்றொன்று. என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் முதல் கேள்வியில் தொடங்குகிறார்கள். எண்ணெயை முதலில் முடிவு செய்துகொண்டால் மற்றதில் பாதி தானாகவே தீர்ந்துவிடும் என்பதால், இக்கட்டுரை எண்ணெயிலிருந்தே தொடங்குகிறது.

அதற்கு முன் ஒரு விளக்கம். டீசல் என்று பெயர் இருந்தாலும் இந்த என்ஜின் லாரியின் டீசல் என்ஜினைப் போன்றது அன்று. இதில் இன்ஜெக்டர் கிடையாது. எரிபொருளும் காற்றும், காற்று நுழையும் குறுகிய குழாயான வெஞ்சுரியிலேயே கலந்து, கிராங்க் சுழலும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் வழியாகச் செல்கின்றன. சிலிண்டரின் மேல்முனையில் இருக்கும் எதிர்ப் பிஸ்டனைத் திருகி இறக்கியும் ஏற்றியும் அழுத்தத்தை நாமே சரிசெய்கிறோம். அந்த அழுத்தத்தின் சூட்டில் கலவை தானாகப் பற்றிக்கொள்கிறது. சுவிட்சர்லாந்தில் 1941-இல் வெளிவந்த டைனோவும், பிரிட்டனில் 1946-இல் வந்த 1.3 சி.சி. மில்ஸும் இந்த வகையைப் பரப்பியவை. 0.75 சி.சி. மில்ஸின் நகல்கள் இந்தியாவிலும் செய்யப்பட்டதால் அத்தகைய என்ஜின்கள் நம் வீட்டு அலமாரிகளிலும் அகப்படுகின்றன.

கலவையில் யாருக்கு என்ன வேலை

இந்த எரிபொருளில் ஈதர், மண்ணெண்ணெய், எண்ணெய், சிறிது நைட்ரேட் ஆகியவை சேர்கின்றன. ஈதர் தீக்குச்சியின் வேலையைச் செய்கிறது. டை எத்தில் ஈதர் ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே பொறியின்றிப் பற்றிக்கொள்ளும் என்பதால்தான் இந்த என்ஜின் கைவிரலால் சுழற்றியே கிளம்புகிறது. உழைப்பைத் தருவது மண்ணெண்ணெய். எடைக்கு எடை பார்த்தால் ஈதரைவிட அதில்தான் வெப்ப ஆற்றல் அதிகம். ஆகவே ஈதரைக் கூட்டினால் சக்தி கூடும் என்பது தவறான எண்ணம். கிளம்புவது சுலபமாகும், அவ்வளவே. எண்ணெய் உராய்வைத் தடுப்பதோடு, வளையங்கள் இல்லாத பிஸ்டனுக்கும் சிலிண்டரின் உட்குழாயான லைனருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியை அடைத்து அழுத்தம் கசியாமல் காக்கிறது. நான்காவதாக, பற்றுதலைச் சீராக்கும் நைட்ரேட் ஒன்று, நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு அளவில் சேர்க்கப்படுகிறது.

எதை வைத்து எடைபோடுவது

எண்ணெயைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பவை நான்கு. மண்ணெண்ணெயிலும் ஈதரிலும் அது முழுவதுமாகக் கரைகிறதா? எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வை அளவுக்கு மீறி மூடிவிட்டு என்ஜின் கொதிக்கும் அந்த அரை நிமிடத்தில் அது உலோகத்தை விட்டு ஓடிவிடாமல் நிற்கிறதா? ஓடிய பின் உள்ளே எதை விட்டுச் செல்கிறது? ஆறு மாதம் பெட்டியில் கிடந்த பிறகு என்ஜின் எந்த நிலையில் இருக்கும்? விலை ஐந்தாவதாகத்தான் வருகிறது. 1 சி.சி.க்கும் குறைந்த என்ஜின் வைத்திருப்பவருக்கு ஒரு லிட்டர் கலவை பல மாதங்கள் வரும். அதில் எண்ணெய்க்காக மிச்சம் பிடிப்பது பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் ஒரு கனெக்டிங் ராடின் விலைக்கு ஈடாகாது.

எரிபொருளை வாங்குவதா கலப்பதா என்பதற்கு அளவுகோல்கள் வேறு: நல்ல ஈதர் கிடைக்குமா, அதைப் பாதுகாப்பாக வைக்க இடம் இருக்கிறதா, உங்கள் என்ஜினுக்கு எத்தனை சதவீத எண்ணெய் தேவை, ஆண்டுக்கு எவ்வளவு செலவழிப்பீர்கள்.

விளக்கெண்ணெய்

முதல் உலகப்போரின் சுழலும் விமான என்ஜின்களில் விளக்கெண்ணெயை ஊற்றினார்கள். அவற்றில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகவே சென்றது. பெட்ரோலில் எளிதில் கரைந்து நீர்த்துப்போகாத எண்ணெய் தேவைப்பட்டது. அந்தக் குணம் விளக்கெண்ணெயிடம் இருந்தது. அதே குணம்தான் நமக்கு இங்கே தலைவலி. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் தாமாகச் சேர்வதில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் இரண்டையும் சம அளவு ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள்: முதலில் கஞ்சித் தண்ணீர் போல வெளுக்கும், சற்று நேரத்தில் கனத்த எண்ணெய் அடியில் தேன் போலத் தங்கிவிடும். அதில் ஈதரை ஊற்றிக் குலுக்கியவுடன் கலங்கல் மறைந்து, வெளிர்மஞ்சள் நிறத்தில் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். ஈதர் பற்றவைப்பதற்கு மட்டும் அல்ல, இவ்விரண்டையும் சேர்த்து வைப்பதற்கும்தான் இருக்கிறது. இதனாலேயே விளக்கெண்ணெய்க் கலவையில் ஈதரை நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே வெகுவாகக் குறைக்கக் கூடாது. டப்பாவின் மூடி சரியில்லாமல் ஈதர் பறந்துபோனாலோ, கடுங்குளிரில் பறக்கவிட்டாலோ எண்ணெய் பிரிந்து அடியில் தங்குவதும் இதனால்தான். பிரிந்ததைக் கவனிக்காமல் மேலே நிற்பதை ஊற்றி ஓட்டுபவர் எண்ணெயே இல்லாமல் ஓட்டுகிறார்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் இதையே பயன்படுத்துகிறோம்? விளக்கெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி உலோகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. சூடு மிகும்போது மற்ற எண்ணெய்கள் ஆவியாகி விலகிவிடும். இது இறுகிக் கனத்து, அந்த நிலையிலும் வழவழப்பைத் தந்துகொண்டே இருக்கும். தவறு செய்பவரை மன்னிக்கும் எண்ணெய் இது ஒன்றுதான். வார்ப்பிரும்புப் பிஸ்டனும் எஃகு லைனரும் கொண்ட, பால் பேரிங் இல்லாத பழைய என்ஜின்களுக்கு வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. நைட்ரேட் எரிந்தபின் எஞ்சும் அமிலத்தன்மை எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். அதிலிருந்தும் இது ஓரளவு காக்கிறது.

இதற்கான மறைமுகச் செலவு பிசின். நான்கு மாதம் கழுவாமல் வைத்த என் 1.5 சி.சி. என்ஜின் ஒன்றை எடுத்தபோது, புரொப்பெல்லரை அசைக்கவே முடியவில்லை. எதிர்ப் பிஸ்டனும் இறுகியிருந்தது. அவசரப்பட்டு இடுக்கியால் திருப்பியிருந்தால் ராடு வளைந்திருக்கும். முடி உலர்த்தும் கருவியால் பத்து நிமிடம் சூடேற்றி, வெளியேற்றத் துளை வழியாகச் சில சொட்டு மெத்தனால் விட்டு ஓர் இரவு வைத்ததும் தளர்ந்தது. விளக்கெண்ணெய்ப் பிசினை ஆல்கஹால் கரைக்கும். மெஷின் ஆயில் கரைக்காது. லைனரில் படியும் பழுப்பு வார்னிஷைப் பிளேடால் சுரண்டுவோரும் உண்டு. இழைத்துப் பொருத்திய பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அழுத்தம் போய்விடும், ஊறவைப்பதே வழி.

உலகின் ஆமணக்கு உற்பத்தியில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் குஜராத்தில் நடக்கிறது என்பதால் நமக்கு இது அரிய பொருளே அன்று. ஆனால் கடையில் இருக்கும் எல்லாமே நம் வேலைக்கு உதவாது. விதையை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுக்கும் நாட்டு விளக்கெண்ணெயில் ஈரம் தங்கியிருக்க வாய்ப்புண்டு. குழந்தைக்குத் தரவும் கண்ணிமையில் தடவவும் அது உகந்ததாக இருக்கலாம், என்ஜினுக்கு அன்று. தீபம் ஏற்றுவதற்கென விற்பவை பல எண்ணெய்களின் கலப்பு. மருந்துக்கடையில் வாசனை சேர்க்காமல் விற்கும் விளக்கெண்ணெய், அல்லது முதல் அழுத்தத்தில் எடுத்துப் பசை நீக்கிய தொழில்துறைத் தரம், இவ்விரண்டில் ஒன்றை வாங்குங்கள்.

மினரல் எண்ணெய்

பெட்ரோலியத்திலிருந்து வருவதால் மண்ணெண்ணெயில் எந்த விகிதத்திலும் கரைந்து, எந்தக் குளிரிலும் பிரியாமல் நிற்கும், பிசின் பிடிக்காது. தொடக்ககால டீசல் கலவைகள் சிலவற்றில் இதுவே இருந்தது. மெதுவாகச் சுழலும் பழைய என்ஜினுடன் வந்த காகிதத்தில் உற்பத்தியாளரே மினரல் என்று எழுதியிருந்தால், சேர்க்கை இல்லாத எஸ்.ஏ.இ. 40 அல்லது 50 ஒற்றைத்தர எண்ணெயைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கார்களுக்கான மல்ட்டி கிரேடு வேண்டாம். அதன் டிடர்ஜென்ட் சேர்க்கைகள் எரிந்து சாம்பலாகப் படியும். பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டருக்கு விற்கும் 2டி ஆயிலும் வேண்டாம். ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில், பெரும்பாலும் கரைப்பான் சேர்த்தே நீர்க்க வைக்கப்பட்ட பொருள் அது. நம் கலவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எண்ணெய்.

சூட்டில் மினரல் எண்ணெயின் படலம் சீக்கிரம் உடைகிறது. கறுத்த கரி படிகிறது. இதைத் தவிர இதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓட்டி முடித்த என்ஜினைக் கழுவி எடுத்து வைக்கும்போது உள்ளே விடுவதற்குத்தான் என் மேசையில் ஒரு புட்டி இருக்கிறது.

சிந்தெடிக்

இந்தப் பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் விற்கப்படுகின்றன. தேர்வில் தவறுவதும் இங்கேதான். மெத்தனால் எரிபொருளில் ஓடும் க்ளோ என்ஜின்களுக்கென விற்கும் சிந்தெடிக்குகளில் பல, பாலி ஆல்கிலீன் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. அவை மெத்தனாலில் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. மண்ணெண்ணெயில் பெரும்பாலும் கரைவதில்லை. மாதிரி விமானக் கடையில் வாங்கியது என்பதாலேயே அது மாதிரி டீசலுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். எஸ்டர் அடிப்படையிலான டூ ஸ்ட்ரோக் பந்தய எண்ணெய்கள் கரையும். லேபிளை நம்புவதைவிட, சிறு புட்டியில் உங்கள் விகிதத்தில் 20 மில்லி கலந்து ஓர் இரவு குளிர்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் கோடு தெரிந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு இல்லை.

கரையும் வகை கிடைத்தால் அதன் நன்மை தூய்மை. வாரந்தோறும் பறக்கவிடும், பால் பேரிங் கொண்ட, பித்தளை லைனரில் அலுமினியப் பிஸ்டன் ஓடும் நவீன என்ஜினில் வார்னிஷ் கட்டாமல் இருப்பது பெரிய வசதி. ஆனால் அதற்கென ஒரு சூட்டு எல்லை உண்டு. அதைத் தாண்டினால் முன்னறிவிப்பின்றி எரிந்து போய்விடும். விளக்கெண்ணெயைப் போல இறுகி நின்று காக்காது. ஆகவே முழு சிந்தெடிக்கை, ஊசி வால்வைக் காதால் சரிசெய்யத் தெரிந்தவருக்கே சொல்வேன். எண்ணெயில் நான்கில் ஒரு பங்கு சிந்தெடிக், மீதி விளக்கெண்ணெய் என்ற நடுவழி பலருக்கும் போதுமானது. இன்னொரு சிறிய குறை: இவற்றில் பல சிவப்பு, நீலம், பச்சை எனச் சாயம் ஏற்றியவை. வெளியேற்றத்தில் வடியும் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து என்ஜினின் நலம் அறியும் வழக்கம் உள்ளவர்களுக்கு அந்தச் சாயம் கண்ணை ஏமாற்றும்.

எந்த என்ஜினுக்கு எந்த விகிதம்

கீழே உள்ளவை கன அளவில் சதவீதம். உற்பத்தியாளரின் தாள் உங்களிடம் இருந்தால் அதுவே இறுதியானது.

| என்ஜின் | ஈதர் | மண்ணெண்ணெய் | எண்ணெய் | நைட்ரேட் |
|---|---|---|---|---|
| ரன்னிங் இன் நிலையில் (ஓட்டிப் பழக்கும் கட்டத்தில்) உள்ள புதிய இரும்புப் பிஸ்டன் என்ஜின். 1940களின் பழைய வகை | 33 | 34 | 33 விளக்கெண்ணெய் | இல்லை |
| பால் பேரிங் இல்லாத, ஓட்டிப் பழகிய என்ஜின் | 33 | 42 | 24 விளக்கெண்ணெய் | 1 |
| பால் பேரிங் கொண்ட வேகமான என்ஜின் | 30 | 50 | 18.5 விளக்கெண்ணெய், அல்லது சிந்தெடிக்குடன் சேர்த்து | 1.5 |

மூன்றாவது வரிசையைப் பார்த்து முதல் வரிசைக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம். பழைய என்ஜினில் எண்ணெயைக் குறைத்தால் சில நூறு சுற்றுகள் கூடலாம். அழுத்தத்தை அடைத்து நிற்கும் எண்ணெய் குறைவதால் சூடானதும் என்ஜின் தளர்ந்துவிடும்.

நைட்ரேட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய குறிப்புகளில் வரும் அமைல் நைட்ரேட் வேறு. இதயநோய்க்கு முகரக் கொடுத்த அமைல் நைட்ரைட் வேறு. பெயரில் ஒரே எழுத்துத்தான் மாறுகிறது. ஐசோ புரொப்பைல் நைட்ரேட், ஜெட் விமான என்ஜின்களைக் கிளப்பும் ஸ்டார்ட்டர்களில் காற்றின் உதவியே இன்றி எரிந்த பொருள். அதை வீட்டில் வைத்திருக்காமல் இருப்பது நல்லது. சாலை டீசலுக்கு சீட்டேன் பூஸ்டர் என்ற பெயரில் வரும் 2-எத்தில் ஹெக்சைல் நைட்ரேட் அடங்கிய சேர்க்கை இதே வேலையைச் செய்கிறது. அதன் புட்டியில் மற்றவையும் கலந்திருப்பதால் சதவீதத்தை லேபிளில் பார்த்துக் கணக்கிடுங்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் ஊற்றினால் பலன் கூடுவதில்லை; கலவை நேரத்துக்கு முன்பே பற்றி, இடியை ராடும் கிராங்க்கும் வாங்கிக்கொள்ளும்.

வாங்குவதா?

நல்ல விற்பனையாளரிடம் ஆயத்த எரிபொருள் கிடைக்கும் நாட்டில் இருப்பவர், ஆண்டுக்கு ஒன்றிரண்டு லிட்டர் மட்டுமே செலவழிப்பவர் என்றால் வாங்குவதே மேல். தூய ஈதரை வீட்டில் வைத்திருக்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. ஒவ்வொரு டப்பாவும் ஒரே மாதிரி இருப்பதால், என்ஜின் முரண்டு பிடித்தால் பழி எரிபொருள் மேல் விழாது. புதியவருக்கு இது பெரிய உதவி.

செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ஈதர் சேர்ந்த திரவத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. ஆபத்தான சரக்காக அனுப்பும் கட்டணம் எரிபொருளின் விலையையே மிஞ்சக்கூடும். அடுத்து, அதில் என்ன எண்ணெய் எத்தனை சதவீதம் என்று எழுதாமல் விற்பவர்கள் உண்டு. ஒருமுறை நான் வாங்கிய டப்பா அதிவேக என்ஜினுக்கானது என்பது, என் பழைய என்ஜினின் வெளியேற்றத்தில் கறுத்த உலோகக் கசிவு தெரிந்த பிறகே புரிந்தது. விகிதம் எழுதப்படாத டப்பாவை வாங்காதீர்கள். எழுதியிருந்து எண்ணெய் மட்டும் குறைவு என்றால், தேவையான அளவு விளக்கெண்ணெயை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். வாங்குவதற்கும் கலப்பதற்கும் இடைப்பட்ட இந்த வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கலப்பதா?

இரண்டு மூன்று தலைமுறை என்ஜின்கள் வைத்திருப்பவருக்கு ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம் வேண்டும். அவருக்கு வேறு வழியில்லை. கம்பியில் கட்டிச் சுற்றிப் பறக்கவிடும் அணிப் பந்தயமான எஃப்.2.சி.யின் பந்தயக்காரர்களும் அப்படியே. 2.5 சி.சி. என்ஜினுடன் 7 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத தொட்டியைக் கொண்டு 100 சுற்று, அதாவது 10 கிலோமீட்டர் பறக்க வேண்டிய போட்டியில், ஒரு சதவீதம் மாறினாலும் எரிபொருள் நிரப்ப இறங்கும் முறை ஒன்று கூடிவிடலாம்.

மற்றவர்களுக்குக் கேள்வி ஈதர்தான். 1988-இன் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் எத்தில் ஈதர் இடம்பெற்றுள்ளதால், பல நாடுகளில் வாங்குபவர் யார், எதற்கு என்று கேட்டே தருவார்கள். உங்கள் ஊர் விதியை முதலில் அறிந்துகொள்ளுங்கள். 0.720 அடர்த்தி என்று குறித்த டெக்னிக்கல் ஈதர் நமக்குப் போதும். குளிர்காலத்தில் லாரியைக் கிளப்ப உதவும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயிலிருந்து ஈதரைப் பிரித்துப் பயன்படுத்துவோர் மேலைநாடுகளில் உண்டு. அதில் ஈதர் எத்தனை சதவீதம் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும்; மீதி பெரும்பாலும் ஹெப்டேன் போன்ற ஹைட்ரோகார்பன். பாதுகாப்புத் தாளில் ஈதரின் அளவைப் பார்க்காமல் அந்த வழியில் இறங்கினால், எண்ணெய் பிரியும் கலவைதான் மிஞ்சும்.

மண்ணெண்ணெயில் சிக்கல் குறைவு. வெள்ளை மண்ணெண்ணெய் சரி. இந்தியாவில் ரேஷனில் தரும் நீலநிற மண்ணெண்ணெயைச் சமையலுக்கும் விளக்குக்கும் அன்றி வேறு வேலைக்கு எடுப்பது விதிமீறல். அதைத் தொட வேண்டாம்.

கலப்பவர் கணக்கில் எழுத மறப்பவை: இறுக மூடும் உலோக டப்பா, கண்ணாடி அளவுக்குடுவை, தீயணைப்பான், புதிய எரிபொருள் குழாய். க்ளோ என்ஜினில் பயன்படும் சிலிக்கான் குழாய் இந்த எரிபொருளில் ஊதித் தளர்ந்துவிடும், நியோப்ரீன் வேண்டும். மண்ணெண்ணெயும் ஈதரும் சேர்ந்த வாடை ஏறிய சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

கலக்கும் நாளில்

ஈதர் 34.6 டிகிரியில் கொதிக்கும். சென்னையின் மே மாதப் பகலில் அதை அளவுக்குடுவையில் ஊற்றினால், நீங்கள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அளவு குறையும். ஆகவே விடியற்காலையில், திறந்த வெளியில், மூடிய ஈதர் டப்பாவைப் பனிக்கட்டி வாளியில் அரை மணி வைத்த பிறகே கலக்க வேண்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. அதன் தெர்மோஸ்டாட்டில் எழும் சிறு பொறி போதும். ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, பல அடி தள்ளி எரியும் அடுப்பைத் தேடிச் சென்று பற்றி, வந்த வழியே திரும்பும். சமையலறையிலும் மாடிப்படியின் அடியிலும் பூசையறைக்கு அருகிலும் இந்த வேலை வேண்டாம். கைப்பேசியையும் தள்ளி வையுங்கள்.

முதலில் எண்ணெய், அடுத்து மண்ணெண்ணெய், பிறகு நைட்ரேட், கடைசியில் ஈதர் என்ற வரிசையில் ஊற்றினால் ஈதர் குறைவாகவே வீணாகும். மூடிக் குலுக்கி, ஒரு புட்டியில் சிறிது எடுத்து ஒளியில் பிடித்துப் பாருங்கள். கலங்கலோ அடிக்கோடோ இருக்கக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில்களின் சுவர் வழியாகவே ஈதர் மெல்லக் கசியும் என்பதால் உலோகமோ கருங்கண்ணாடியோதான் வேண்டும். ஒரு பெரிய டப்பாவைவிட, நிறைய நிரப்பிய கால் லிட்டர் டப்பாக்கள் நான்கு நல்லவை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இழப்பது குறையும். தூய ஈதரை ஆண்டுக்கணக்கில் சேமிக்காதீர்கள். காற்றும் ஒளியும் பட்ட பழைய ஈதரில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உண்டாகும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் தெரியும் பழைய புட்டி கிடைத்தால் அதை அசைக்காமல், திறக்காமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

புதிய கலவையை ஊற்றிய முதல் நாளில் அழுத்தத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்துத் தொடங்குங்கள். எரிபொருள் நிறைந்த சிலிண்டரை முழு அழுத்தத்தில் சுழற்றினால் ராடு வளைவது அங்கேதான். கிளம்பிய பின் அழுத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். விட்டுவிட்டு ஓடுவது நின்று ஓசை சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். சூடேறியதும் என்ஜின் முக்கினால் சற்றே தளர்த்துங்கள். எவ்வளவு அழுத்தம் கொடுத்தும் வேகமான சுழற்சியில் தடுமாற்றம் தீரவில்லை என்றால் நைட்ரேட் குறைவு. கிளம்பவே அடம்பிடித்தால் ஈதர் பறந்துபோயிருக்கிறது. வெளியேற்றத் துளையின் கீழே ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். வெளிர்பழுப்பு எண்ணெய் விழுந்தால் பறக்கவிடலாம். கறுப்பு விழுந்தால் அந்தக் கலவையில் இன்னும் ஐந்து சதவீதம் விளக்கெண்ணெயைச் சேர்த்துவிட்டு, மறுபடியும் துணியைப் பிடியுங்கள்.